நிறுவனங்களுக்கான செயல்பாட்டு வாகனக் குத்தகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனத்தை விலைக்கு வாங்காமல், குறித்த காலத்துக்கு எடுத்துப் பயன்படுத்தி, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் குத்தகை முறையைப் பற்றி நிறுவன உரிமையாளர்களும் கணக்காளர்களும் வாகனப் பொறுப்பாளர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகள் இங்கே விடைகளுடன் உள்ளன. வரி, பதிவு, காப்பீடு ஆகியவற்றின் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கும் பொதுவாக இருக்கும் இயங்குமுறையை மட்டுமே இங்கு விளக்கியிருக்கிறோம்.

செயல்பாட்டுக் குத்தகை என்றால் என்ன?

தொழில் வட்டாரத்தில் ஆப்பரேட்டிங் லீஸ் என்று சொல்லப்படும் இந்த முறையில், நீங்கள் தேர்ந்தெடுத்த வாகனத்தைக் குத்தகை நிறுவனம் தன் பணத்தில் வாங்கி, பெரும்பாலும் 24 மாதம் முதல் 60 மாதம் வரையான காலத்துக்கு உங்களிடம் ஒப்படைக்கிறது. நீங்கள் மாதந்தோறும் ஒரே அளவான வாடகையைச் செலுத்துகிறீர்கள். காலம் முடிந்ததும் வண்டி திரும்பிப் போகிறது. அதை விற்றுக் காசாக்கும் பொறுப்பு குத்தகை நிறுவனத்துடையது. நாள் கணக்கில் எடுக்கும் வாடகைக் காரிலிருந்து இது வேறுபட்டது, ஏனெனில் இங்கே வண்டி உங்களுக்கென்றே புதிதாக வாங்கப்படுகிறது, ஒப்பந்தக் காலம் முழுவதும் உங்களிடமே இருக்கிறது.

இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் பொதுவாக 1939-க்குக் கொண்டு செல்வார்கள். சிகாகோவின் கார் விற்பனையாளர் ஸோலி ஃபிராங்க் அந்த ஆண்டில், மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதிகளுக்காகச் சில கார்களைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஊர் ஊராக அலையும் பிரதிநிதிக்கு வண்டி வேண்டும், ஆனால் மருந்து செய்பவருக்குப் பழைய கார் விற்பது தொழில் அல்ல என்ற அன்றைய தேவைதான் இன்றும் இந்த முறைக்கு அடிப்படை.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இந்த வண்டி என்ன விலைக்குப் போகும், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் நட்டம் யாருடையது? செயல்பாட்டுக் குத்தகையில் அந்த நட்டம் பொதுவாகக் குத்தகை நிறுவனத்துடையது. கிலோமீட்டர் வரம்பு, தேய்மானச் சோதனை, முன்கூட்டியே முடித்தால் கட்ட வேண்டிய தொகை என்று ஒப்பந்தத்தில் உறுத்தலாகத் தெரியும் ஒவ்வொரு விதியும் இந்த ஒரு பொறுப்பிலிருந்துதான் கிளைக்கிறது.

நிதிக் குத்தகைக்கும் வங்கிக் கடனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வங்கிக் கடனில் வண்டி முதல் நாளிலிருந்தே உங்களுடையது. கடனை அடைக்கிறீர்கள், விலை வீழ்ச்சியையும் நீங்களே சுமக்கிறீர்கள். நிதிக் குத்தகையில் சட்டப்படி உரிமை குத்தகை நிறுவனத்திடம் இருந்தாலும், வண்டியின் ஏறத்தாழ முழு விலையும் வட்டியுடன் உங்களிடமிருந்து வசூலாகிவிடுகிறது, இறுதியில் அது உங்கள் கைக்கு வருவதும் வழக்கம். பொருளாதார நோக்கில் அது கடனின் இன்னொரு வடிவம். செயல்பாட்டுக் குத்தகையில் மட்டுமே, நீங்கள் பயன்படுத்தும் காலத்தில் வண்டி இழக்கும் மதிப்புக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, மீதியைப் பற்றிய கவலையை மற்றவரிடம் விட்டுவிட முடிகிறது. அந்தக் கவலையை ஏற்றுக்கொள்வதற்கான கூலியும் வாடகைக்குள் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மாத வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 48 மாதங்களில் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு அது 46-க்கு விற்கும் என்று குத்தகை நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்கு எஞ்சிய மதிப்பு என்று பெயர். 100-லிருந்து 46-ஐக் கழித்தால் 54. அதை 48 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1.125. இது தேய்மானப் பகுதி.

வண்டியில் முடங்கும் பணத்துக்கு வட்டி உண்டு. தொடக்கத்தில் 100, முடிவில் 46, ஆகச் சராசரியாக 73 முடங்கியிருக்கிறது. ஆண்டு வட்டி 8 விழுக்காடு என்றால், மாதத்துக்கு ஏறத்தாழ 0.49. இரண்டையும் கூட்டினால் மாதம் சுமார் 1.61. இதன்மேல் பராமரிப்பு, டயர், காப்பீடு, நிர்வாகக் கட்டணம், இலாபம் ஆகியவை ஏறும்.

இப்போது எஞ்சிய மதிப்பை மட்டும் 46-லிருந்து 40-ஆகக் குறைத்துப் பாருங்கள். தேய்மானம் 1.25, வட்டி 0.47, மொத்தம் சுமார் 1.72. வண்டியின் விலையும் வட்டி வீதமும் அப்படியே இருக்க, ஒரே ஓர் ஊகம் மாறியதால் வாடகை ஆறு விழுக்காட்டுக்கும் மேல் ஏறிவிட்டது. விலை குறைந்த காரின் வாடகை சில நேரங்களில் விலை உயர்ந்த காரின் வாடகையை எட்டிவிடுவது இதனால்தான். இரண்டாம் கைச் சந்தையில் நன்றாக விற்கும் வண்டிக்கு எஞ்சிய மதிப்பு அதிகம், ஆகவே நீங்கள் கட்ட வேண்டிய தேய்மானம் குறைவு. விலைப்பட்டியலைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைக் குத்தகையில் கைவிட வேண்டும். மாத வாடகையையும் எரிபொருள் செலவையும் சேர்த்துப் பார்ப்பதே பொருள் தரும்.

குத்தகை நிறுவனத்தின் மதிப்பீடு தவறினால் எங்களுக்கு ஏதேனும் பாதிப்பு உண்டா?

அது ஒப்பந்த வகையைப் பொறுத்தது. மூடிய கணக்கு முறையில் இலாபமும் நட்டமும் குத்தகை நிறுவனத்துக்கே. நீங்கள் ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் எதுவும் இல்லை. திறந்த கணக்கு முறையில், வண்டி எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்குப் போனாலோ, பராமரிப்புச் செலவு திட்டமிட்டதைவிடக் குறைந்தாலோ, மிச்சத்தில் ஒரு பங்கு உங்களுக்குத் திரும்பி வரும். நட்டம் வந்தால் அதையும் வாடிக்கையாளரிடம் கேட்கலாமா, கேட்கலாம் என்றால் எந்த வரம்பு வரை என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அமெரிக்காவில் வணிக வாகனங்களுக்குப் பரவலாக உள்ள திறந்த முடிவுக் குத்தகையில், விற்பனை விலைக்கும் கணக்கில் உள்ள மதிப்புக்குமான வேறுபாடு வாடிக்கையாளரின் பொறுப்பாகவே இருக்கும். கிலோமீட்டர் கட்டுப்பாடு அங்கே தளர்வாக இருப்பதற்கும் அதுவே காரணம். கையெழுத்திடும் முன், உங்களுடையது இவற்றில் எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடகையில் என்னென்ன அடங்கும்?

நிதிப் பகுதி, அதாவது தேய்மானமும் வட்டியும், மட்டும் உள்ள குத்தகையில் வண்டி மட்டுமே வரும். மற்றவை உங்கள் பொறுப்பு. முழுச் சேவைக் குத்தகையில் குறித்த கால சர்வீஸ், தேய்ந்து போகும் பாகங்களின் மாற்று, டயர், சாலை வரி, பதிவு, காப்பீடு, வழியில் நின்றுபோனால் உதவி, மாற்று வண்டி ஆகியவை சேரும். எரிபொருள் அட்டையும் சேரலாம், ஆனால் எரிபொருளுக்கான பணம் பயன்படுத்திய அளவுக்கே கணக்கிடப்படும்.

“டயர் உட்பட” என்ற சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஒரு நிறுவனம் எட்டு டயர்களைக் கணக்கில் வைத்திருக்கும், மற்றொன்று நான்கை. ஆணி குத்திக் கிழிந்த டயருக்குப் பணம் யார் தருவது என்பது தனி விதி. “மாற்று வண்டி” என்றாலும் அதே கதைதான்: முதல் மணி நேரத்திலிருந்தே கிடைக்குமா, 24 மணி நேரம் பட்டறையில் நின்ற பிறகா, அதே ரக வண்டியா, சிறிய வண்டியா, எத்தனை நாள் வரை? பொருள் ஏற்றிச் செல்லும் வேனை நம்பித் தொழில் செய்பவருக்கு மாற்றாக ஒரு சிறிய கார் வந்தால், அது வராததற்குச் சமம்.

சேவைப் பகுதியை மாத வாடகைக்குள் கட்டுவதால் கிடைக்கும் உண்மையான பயன், செலவு குறைவதைவிடச் செலவு முன்கூட்டியே தெரிவதுதான். நான்காம் ஆண்டில் கியர் பெட்டி பழுதானாலும் வாடகை மாறாது.

கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்?

தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வீதப்படி கட்டணம் உண்டு. குறைவாக ஓடினால் சில நிறுவனங்கள் பணம் திருப்பித் தரும். ஆனால் திருப்பித் தரும் வீதம் வசூலிக்கும் வீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும், அதற்கும் ஓர் உச்ச வரம்பு இருக்கும்.

இதைத் தண்டனையாகப் பார்ப்பவர்கள் பலர். 1,20,000 கிலோமீட்டருக்கு மதிப்பிட்ட வண்டி 1,58,000 கிலோமீட்டரில் திரும்பினால் சந்தையில் அதன் விலை குறையும், இடையில் கூடுதலாக ஒரு சர்வீஸும் ஒரு தொகுதி டயரும் போயிருக்கும். அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஆகவே நியாயமான வீதத்தில் வசூலிக்கும்வரை இதில் குறை காண முடியாது. குறை இருப்பது, வாடகை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே கிலோமீட்டரைக் குறைத்து எழுதும் பழக்கத்தில். விற்பவரும் அதை விரும்புகிறார், வாங்குபவரும் அதை விரும்புகிறார், நான்கு ஆண்டுகள் கழித்து வரும் பெரிய பற்றுச்சீட்டைப் பார்க்கும்போது அந்த மேசையில் இருந்த ஒருவர்கூட அதே பதவியில் இருப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. கடந்த இரண்டு ஆண்டுகளின் ஓட்டத்தை எரிபொருள் கணக்கிலிருந்து எடுங்கள், விடுமுறைக்கு ஊழியர் சொந்தப் பயணமாக ஓட்டுவதையும் சேருங்கள், அதன் அடிப்படையில் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொரு காலாண்டும் ஓட்டத்தைப் பாருங்கள். மாதம் 2,500 கிலோமீட்டர் எனத் திட்டமிட்ட வண்டி 3,300 ஓடினால், ஓராண்டு முடிவில் 30,000-க்குப் பதிலாக 39,600 காட்டும். அப்போதே குத்தகை நிறுவனத்திடம் ஒப்பந்தத்தை மறுகணக்கிடச் சொன்னால் வாடகை சிறிது ஏறும், இறுதியில் அதிர்ச்சி இருக்காது.

பல வண்டிகள் உள்ள நிறுவனங்கள் கூட்டுக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். 20 வண்டிகளுக்குத் தலா 1,20,000 என்றால் மொத்தம் 24 லட்சம் கிலோமீட்டர். ஒரு வண்டி அதிகமாக ஓடியதை மற்றொன்று குறைவாக ஓடியது ஈடுசெய்யும். மாற்றி ஓட்டச் செய்வதும் உதவும்: நீண்ட தூரப் பகுதிக்குப் போகும் வண்டியை ஒப்பந்தத்தின் பாதியில் உள்ளூர் வேலைக்கு மாற்றலாம்.

எவ்வளவு காலத்துக்கு எடுப்பது நல்லது?

அதிகம் ஓடும் வண்டிக்கு 36 மாதமும், மிதமாக ஓடுவதற்கு 48 மாதமும் பெரும்பாலும் பொருந்தும். காலம் நீள நீள மாதத் தேய்மானம் குறையும், பராமரிப்புச் செலவு ஏறும். தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடியும் இடத்துக்கு அருகே இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும். ஒரே வண்டிக்கு 36, 42, 48, 60 மாதங்களுக்குத் தனித்தனியாக வாடகை கேட்டுப் பார்த்தால், அந்தச் சந்திப்பு எங்கே என்று எண்களே காட்டிவிடும்.

காலம் முடியும் முன்பே வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் செலவாகும். முந்தைய எடுத்துக்காட்டையே தொடர்வோம். 12 மாதம் வாடகை கட்டிய பிறகு, தேய்மானமாக 13.5 வசூலாகியிருக்கும்; குத்தகை நிறுவனத்தின் கணக்கில் வண்டி இன்னும் 86.5-க்கு நிற்கும். ஆனால் புதிய வண்டி முதல் ஆண்டில்தான் மிக வேகமாக மதிப்பை இழக்கும். சந்தையில் அது 75-க்குத்தான் போகும் என்றால் 11.5 பள்ளம் விழுகிறது. மாத வாடகை 1.61 என்பதால், இது ஏறத்தாழ ஏழு மாத வாடகை. வாடகை மாதந்தோறும் சமமாக இருக்கிறது, வண்டியின் வீழ்ச்சி சமமாக இல்லை. முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் இந்த இடைவெளியை நிரப்பவே இருக்கிறது.

இந்தக் கட்டணத்தை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, மீதமுள்ள வாடகைகளில் இத்தனை விழுக்காடு என்பது. மற்றொன்று, கணக்கு மதிப்புக்கும் உண்மையான விற்பனை விலைக்குமான வேறுபாடு என்பது. முதலாவது முன்கூட்டியே தெரியும், இரண்டாவது பெரும்பாலும் நியாயமானது. விழுக்காட்டு முறையில் சேவைப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்களா என்று பாருங்கள். போடாத டயருக்கும் செய்யாத சர்வீஸுக்கும் கட்டணம் கேட்பது நியாயமல்ல, அதை நீக்கக் கேட்டால் பல நிறுவனங்கள் நீக்கும்.

ஊழியர் வேலையை விட்டுப் போவதுதான் முறிவுக்குப் பெரும்பாலான காரணம். அப்போது வண்டியை இன்னொரு ஊழியருக்கு மாற்றிக் கொடுப்பது எப்போதும் மலிவான வழி. அதற்காகவே, ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஒரு வண்டி என்று விடாமல், யாரும் ஓட்ட ஒப்புக்கொள்ளும் சில மாதிரிகளுக்குள் தேர்வை அடக்குவது நல்லது. திட்டப்பணி சார்ந்து ஆள் கூடிக் குறையும் நிறுவனங்கள், ஒரு பகுதியை நீண்ட காலக் குத்தகையிலும், எஞ்சியதை மாதக் கணக்கில் திருப்பித் தரக்கூடிய நெகிழ்வு வாடகையிலும் வைத்துக்கொள்ளலாம். பின்னதன் மாத வாடகை அதிகம்.

விபத்து நேர்ந்தாலோ வண்டி களவு போனாலோ?

சிறு சேதமென்றால் காப்பீட்டின் வழியாகப் பழுது பார்க்கப்படும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்குத்தொகை ஒப்பந்தத்தில் இருக்கும். வண்டி முழுமையாகச் சேதமடைந்தாலோ களவு போனாலோ, காப்பீட்டு நிறுவனம் சந்தை மதிப்பைத்தான் தரும், குத்தகைக் கணக்கில் உள்ள மதிப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம். மேலே பார்த்த அதே பள்ளம்தான் இது. அதை ஈடுசெய்யும் இடைவெளிக் காப்பீடு வாடகைக்குள் இருக்கிறதா, தனியாக எடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

போக்குவரத்து அபராதம் யாருக்கு வரும்?

பதிவு குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அறிவிப்பு முதலில் அங்கே போகும், பின்னர் உங்களுக்கு வரும், பெரும்பாலும் ஒரு நிர்வாகக் கட்டணத்துடன். அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்பதை உங்கள் பதிவேடு சொல்ல வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் இதை எப்படிக் காட்டுவது?

“செயல்பாட்டுக் குத்தகை இருப்புநிலைக் குறிப்பில் வராது” என்ற பேச்சு இன்னும் விற்பனைப் பேச்சுகளில் கேட்கிறது. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு அது பழைய செய்தி. ஐஏஎஸ் 17 தரத்தின் கீழ் வாடகையைச் செலவாக எழுதினால் போதும் என்றிருந்தது. அதற்குப் பதிலாக 2016 ஜனவரியில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் ஆண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குத்தகைக்கு எடுப்பவருக்குச் செயல்பாட்டுக் குத்தகை, நிதிக் குத்தகை என்ற பிரிவே இல்லை. எதிர்கால வாடகைகளின் இன்றைய மதிப்பைக் கடன் பொறுப்பாகவும், வண்டியைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும் பதிய வேண்டும். பின்னர் சொத்துக்குத் தேய்மானமும் பொறுப்புக்கு வட்டியும் எழுத வேண்டும். குத்தகைக்குக் கொடுப்பவரின் கணக்கில் மட்டும் அந்தப் பழைய இரு பிரிவுகள் நீடிக்கின்றன.

இரண்டு விலக்குகள் உண்டு. 12 மாதம் அல்லது அதற்குக் குறைவான, வாங்கும் வாய்ப்பு இல்லாத குத்தகையையும், மதிப்புக் குறைந்த சொத்துகளின் குத்தகையையும் நேரடியாகச் செலவில் எழுதலாம். இரண்டாவது விலக்கில் கார் நுழைய முடியாது. புதிய கார் பொதுவாக மதிப்புக் குறைந்த பொருளாக இருக்காது என்று தரமே எடுத்துக்காட்டுடன் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம், சேவைப் பகுதியைப் பிரிப்பது. பராமரிப்பும் டயரும் வண்டியைப் பயன்படுத்தும் உரிமையல்ல, அவை சேவைகள். அவற்றைப் பிரித்துக் காட்டினால் அந்தத் தொகை கடன் பொறுப்பில் சேராமல் மாதச் செலவாகவே நிற்கும். பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பதியவும் தரம் வாய்ப்புத் தருகிறது, ஆனால் அப்படிச் செய்தால் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பு தேவையில்லாமல் பெருக்கும். ஆகவே பற்றுச்சீட்டில் நிதிப் பகுதியும் சேவைப் பகுதியும் தனித்தனி உருப்படிகளாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

புதிய முறையில் வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிவதால், வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முந்தைய இலாபம் கூடித் தெரியும். அதே நேரம் கடன் விகிதமும் கூடித் தெரியும். வங்கியுடனான கடன் ஒப்பந்தங்களில் இத்தகைய விகிதங்களுக்கு வரம்பு இருந்தால், பெரிய அளவில் குத்தகைக்கு மாறும் முன் வங்கியிடம் பேசிவிடுவது நல்லது. அமெரிக்கத் தரமான ஏஎஸ்சி 842-இலும் செயல்பாட்டுக் குத்தகை இருப்புநிலைக் குறிப்புக்கு வந்துவிட்டது, ஆனால் செலவு அங்கே ஒரே அளவான வாடகைச் செலவாகவே தொடர்கிறது. உள்நாட்டுத் தரங்களின்படி கணக்கு எழுதும் சிறு நிறுவனங்களுக்குப் பல நாடுகளில் பழைய எளிய முறை இன்னும் பொருந்தலாம்; உங்கள் தணிக்கையாளரே இதற்கு முடிவான பதில் தர வேண்டியவர்.

வரிச் சலுகை உண்டா?

வாடகையைத் தொழில் செலவாகக் கழிக்கவும், அதன் மீதான மறைமுக வரியைத் திரும்பப் பெறவும் பல நாடுகளில் வழி உண்டு, ஆனால் பயணிகள் காருக்குக் கட்டுப்பாடுகள் அதிகம், சரக்கு வண்டிக்குக் குறைவு. ஊழியர் சொந்தப் பயணத்துக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் அது அவருடைய வருமானமாகக் கருதப்படலாம். வரிக்காக மட்டும் குத்தகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வரி விதி இடையில் மாறலாம், ஒப்பந்தம் மாறாது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எதைப் பார்ப்பார்கள்?

நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டியில் கீறல் இல்லாமல் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே இயல்பான தேய்மானம் எது, சேதம் எது என்பதற்கு எழுத்தில் ஒரு கையேடு இருக்கும். பிரிட்டனில் குத்தகை நிறுவனங்களின் சங்கமான பிவிஆர்எல்ஏ இதற்குப் பொதுவான ஒரு தரத்தையே வெளியிடுகிறது. கதவோரத்தில் சிறு கல் பட்ட புள்ளி இயல்பு; உலோகம் தெரியும் கீறல், நசுங்கிய பம்பர், சிகரெட் சுட்ட இருக்கை, விரிசல் விட்ட முன் கண்ணாடி ஆகியவை சேதம். டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் சட்ட வரம்புக்குக் கீழே போயிருக்கக் கூடாது. ஐரோப்பிய நாடுகளில் அது கார்களுக்கு 1.6 மில்லிமீட்டர். இரண்டாவது சாவி, சர்வீஸ் பதிவு, மாற்று டயர், மின்வாகனமென்றால் மின்னேற்றக் கம்பி ஆகியவற்றைக் காணோம் என்பதால் எழும் கட்டணங்கள் ஏராளம், அத்தனையும் தவிர்க்கக் கூடியவை.

திருப்பிக் கொடுக்க எட்டு அல்லது பத்து வாரம் இருக்கும்போதே வண்டியைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் கையேட்டை வைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை பாருங்கள். காப்பீட்டில் சரிசெய்ய வேண்டியதை அப்போதே சரிசெய்யலாம். ஒப்படைக்கும் நாளில் தேதியுடன் படம் எடுத்து, ஓடுமானியின் எண்ணையும் சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். வண்டி கிடங்குக்குப் போன பிறகு அங்கே தனியாக நடக்கும் சோதனையில் சேர்க்கப்படும் சேதங்களை மறுக்க, உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது. சேதக் கட்டணம் பழுது பார்க்கும் முழுச் செலவா, அல்லது வண்டியின் வயதுக்கேற்பக் குறைக்கப்பட்ட மதிப்பிழப்பா என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பின்னதே நியாயம், ஏனெனில் பல வண்டிகள் பழுது பார்க்கப்படாமல் அப்படியே ஏலத்துக்குப் போகின்றன.

மின்வாகனத்தைக் குத்தகைக்கு எடுப்பது சரியா?

தொழில்நுட்பம் வேகமாக மாறும் பொருளுக்கு இந்த முறை மிகப் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. புதிய மாதிரிகளின் விலை குறைந்தால், பழைய மாதிரியின் மதிப்பும் உடனே இறங்குகிறது; அந்த வீழ்ச்சியைச் சுமக்க வேண்டியவர் குத்தகை நிறுவனம். அதே காரணத்தால் அவர்கள் எஞ்சிய மதிப்பைத் தாழ்த்தி வைக்கிறார்கள், வாடகை ஏறுகிறது. எரிபொருளிலும் பராமரிப்பிலும் மிச்சமாவதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

பேட்டரிக்குப் பல தயாரிப்பாளர்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். வழக்கமான குத்தகைக் காலம் அதற்குள் அடங்கிவிடும். மின்னேற்றக் கருவியை ஊழியரின் வீட்டில் பொருத்தும் செலவு யாருடையது, அவர் வேலையை விட்டால் கருவி யாருக்கு, வீட்டில் ஏற்றிய மின்சாரத்துக்குப் பணம் எப்படித் தருவது என்பவற்றை வண்டி வரும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று வண்டிகள் மட்டுமே உள்ள சிறு நிறுவனத்துக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். கடன் தகுதியைச் சோதிப்பார்கள், புதிய நிறுவனமென்றால் முன்பணமோ உரிமையாளரின் தனிப்பட்ட பிணையமோ கேட்கலாம். கூட்டுக் கணக்கு, விலைச் சலுகை போன்றவற்றை எதிர்பார்க்க முடியாது, ஆனால் பழுதான வண்டிக்குப் பின்னால் அலையும் நேரம் மிச்சமாவது சிறு நிறுவனத்துக்குத்தான் அதிகம் தெரியும்.

யாருக்கு இது பொருந்தாது?

வண்டியை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்து, குறைவாக ஓட்டி, நன்றாகப் பராமரிக்கும் பழக்கமுள்ள நிறுவனத்துக்குச் சொந்த வண்டியே மலிவு. சுரங்கம், கட்டுமானத்தளம் போன்ற கரடுமுரடான இடங்களில் ஓடும் வண்டி இயல்பான தேய்மான வரம்புக்குள் திரும்பாது. குளிர்சாதனப் பெட்டி, தூக்கி, சிறப்பு உடற்கட்டு ஆகியவை பொருத்திய வண்டிகளுக்கு இரண்டாம் கைச் சந்தை சிறியது. எஞ்சிய மதிப்பைத் துணிந்து சொல்ல யாரும் முன்வராததால் அவை பெரும்பாலும் நிதிக் குத்தகைக்கே போகின்றன.

ஏற்கெனவே சொந்தமாக உள்ள வண்டிகளை இதற்கு மாற்றலாமா?

மாற்றலாம். வண்டிகளைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அவற்றையே குத்தகைக்குத் திரும்ப எடுக்கும் இந்த ஏற்பாட்டில், முடங்கியிருந்த பணம் ஒரே நாளில் கைக்கு வரும். விற்பனை விலை சந்தை மதிப்பை ஒட்டி இருக்க வேண்டும். அதிக விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், கூடுதல் தொகை உங்கள் வாடகைக்குள்தான் திரும்பி வரும். ஐஎஃப்ஆர்எஸ் 16-இன்படி விற்பனை இலாபம் முழுவதையும் உடனே எழுத முடியாது. வாங்கியவருக்கு உண்மையில் கைமாறிய உரிமையின் அளவுக்கே எழுதலாம்.

பல நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை எப்படி ஒப்பிடுவது?

மாத வாடகையை மட்டும் அருகருகே வைத்தால் ஒப்பீடு தவறிப்போகும். ஒரே வண்டி, ஒரே துணைக்கருவிகள், ஒரே காலம், ஒரே கிலோமீட்டர், ஒரே டயர் எண்ணிக்கை, ஒரே காப்பீட்டுப் பங்குத்தொகை என்று நீங்களே ஒரு படிவம் தயாரித்து அனைவருக்கும் அனுப்புங்கள். வட்டி எந்த நாளில் நிலைபெறுகிறது என்று கேளுங்கள்: விலைப்புள்ளி தந்த நாளிலா, வண்டி ஒப்படைக்கும் நாளிலா? இடையில் பல மாதங்கள் போகலாம். பிறகு, வாடகைக்கு வெளியே இருக்கும் நான்கு எண்களைத் தனியாக வாங்குங்கள்: கூடுதல் கிலோமீட்டருக்கான வீதம், குறைந்த கிலோமீட்டருக்குத் திருப்பித் தரும் வீதம், 12, 24, 36-ஆம் மாதங்களில் முடித்தால் கட்ட வேண்டியது, கடந்த ஆண்டில் திரும்பிய வண்டிகளுக்குச் சராசரியாக வசூலித்த சேதக் கட்டணம். வாடகையில் குறைந்தவர் இந்த எண்களில் உயர்ந்தவராக இருப்பது அரிதல்ல.

அடுத்த வண்டி வரத் தாமதமானால் பழையதை வைத்துக்கொள்ளலாமா?

2021, 2022 ஆண்டுகளில் குறைகடத்திச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய வண்டிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தபோது, உலகெங்கும் குத்தகைகள் நீட்டிக்கப்பட்டன. நீட்டிப்பு எளிது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். பேச்சளவில் தொடரும் வண்டிக்குக் கிலோமீட்டர் வரம்பு நீண்டதா இல்லையா என்ற சச்சரவு இறுதியில் வரும். வண்டியின் மதிப்பு மெதுவாகவே வீழும் கட்டத்தில் இருப்பதால், நீட்டிப்புக் காலத்துக்கு நிதிப் பகுதியைக் குறைக்கக் கேட்பது முறையானது.

காலம் முடிந்ததும் வண்டியை நாங்களே வாங்கலாமா?

வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுவது பொதுவாக வழக்கம் இல்லை. அப்படி எழுதி, விலையையும் மிகக் குறைவாக வைத்தால், குத்தகை நிறுவனத்தின் கணக்கில் அது நிதிக் குத்தகையாகிவிடும். ஆனால் முடிவுக்குச் சில வாரங்கள் முன்பு விலை கேட்டால், அன்றைய சந்தை மதிப்பில் உங்களுக்கோ வண்டியை ஓட்டிய ஊழியருக்கோ விற்கப் பல நிறுவனங்கள் தயாராக இருக்கும். ஏலத்துக்கு எடுத்துச் செல்லும் செலவு அவர்களுக்கு மிச்சம், வண்டியின் வரலாறு முழுவதும் தெரிந்த ஊழியருக்கு அது நல்ல பேரம். அந்த விலையை ஒப்புக்கொள்ளும்போது, சேதக் கட்டணமும் கூடுதல் கிலோமீட்டர் கட்டணமும் தனியாக வராது என்று எழுதி வாங்குங்கள். கீறலுடனும் ஓட்டத்துடனும் சேர்த்தே அந்த விலை போடப்பட்டிருக்கும்.